நெற்றி அடிக்காத போஸ்டர்

ரோவீனா ப்ரூயிட்டுக்குக் கொஞ்சமாகச் சமைக்கத் தெரியாது. கெண்டக்கியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தே தலை நரைத்தவள். அங்கே உப்பு கைப்பிடிக் கணக்கு, பால் வாளிக் கணக்கு. நாஷ்வில்லுக்கு வந்து ஒற்றை ஆளாக உட்கார்ந்த பிறகும் அந்தக் கை திருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை பீன்ஸ் வைத்தால் வியாழன் வரைக்கும் அதையேதான் சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மிச்சத்தைக் கொட்டும்போது அவளுக்குக் கண் கலங்கும். சாப்பாட்டைக் கொட்டுகிறோமே என்பதற்காக மட்டும் இல்லை.

அவள் ஊரை விட்டு வந்த கதை சின்னது. மகன் டெரலுக்கு இங்கே வேலை, மருமகளுக்குப் பிரசவம். "வீட்டை வித்துட்டு எங்ககூடவே வந்துடும்மா" என்றான். விற்றாள், வந்தாள். பேரனுக்குப் பல் முளைப்பதற்குள் கம்பெனி அவனைச் சியாட்டிலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டது. அங்கே கிடைத்தது இரண்டே அறை. "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, பெரிய வீடா பார்த்ததும் கூப்பிட்டுக்கிறேன்" என்றான். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவான், குழந்தையின் முகத்தைக் காட்டுவான். போனை வைத்த பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்தான் இருக்கும். விற்ற வீட்டில் யாரோ குடிவந்து, பின்பக்கம் அவள் வைத்த ஆப்பிள் மரத்தை வெட்டிவிட்டார்களாம். அதையும் அவளுக்குப் பழைய ஊர்க்காரி ஒருத்தி வேலை மெனக்கெட்டு எழுதித் தெரிவித்தாள்.

அப்படியிருக்கும்போது ஒரு மழை நாளில் பஸ்ஸுக்காக ஒதுங்கிய இடம்தான் யார்ப்ரோ போஸ்டர் கடை. கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: அச்சு வேலை கற்றுத் தரப்படும், கை அழுக்காகத் தயாராக இருப்பவர்கள் உள்ளே வரலாம். ரோவீனா உள்ளே போனாள். பஸ் போய்விட்டது.

கடைக்காரி கோரா யார்ப்ரோவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ரோவீனாவின் மகனைவிடச் சின்னவள். காது நிறையக் கம்மல், வாய் நிறையக் காரம். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு வழக்கமா காலேஜ் முடிச்ச பிள்ளைங்கதாங்க வருவாங்க."

"நான் காலேஜே ஆரம்பிக்கல கண்ணு. அதனால முடிக்கிறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

கோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கை கறுத்துப் போகும்."

"பாத்திரம் கழுவிக் கழுவி வெளுத்துப் போன கை இது. கறுத்தா பார்க்க நல்லாத்தான் இருக்கும்."

அடுத்த நாளே ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

போஸ்டர் கடையில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் வந்த அன்றே இயந்திரத்தைச் சுற்றலாம் என்று நினைப்பார்கள். அதெல்லாம் நடக்காது. முதல் மாதம் முழுக்க எழுத்துகளைத் திருப்பி வைக்கிற வேலைதான். அச்சடித்து முடிந்த மர எழுத்துகளைப் பிரித்து, எண்ணெயில் துடைத்து, எந்த இழுப்பறையிலிருந்து வந்ததோ அதே இழுப்பறையில், அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒன்று மாறிப்போனாலும் அடுத்த தடவை தேடுகிறவன் சாபம் விடுவான். சின்னப் பிள்ளைகளுக்கு இது அலுத்துவிடும். கூடவே சேர்ந்திருந்த டோபின், ஓஹையோவிலிருந்து வந்த ஒட்டகச்சிவிங்கி போன்ற பையன், ஒரு இழுப்பறை முடிப்பதற்குள் நாலு தடவை கொட்டாவி விடுவான். ரோவீனாவுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறதே என்று அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

பிறகு அச்சுக் கோக்கக் கற்றாள். கல் மேசையில் எழுத்துகளைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அடுக்க வேண்டும். சுற்றிலும் மரக்கட்டைகளை வைத்து இரும்புச் சட்டத்துக்குள் அசையாமல் முடுக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கினால் ஒரு எழுத்தும் உதிரக் கூடாது. முதல் தடவை அவள் தூக்கியபோது அத்தனையும் காலடியில் கொட்டியது.

"விழுந்தது எதுவும் உடையலயே?" என்றாள் கோரா.

"என் மானம் தவிர ஒண்ணும் உடையல."

"அது இந்தத் தரையில விழாத ஆளே இல்ல. எடுத்து அடுக்குங்க, மிஸ் ரோவீனா."

வயதில் மூத்த பெண்களை இந்த ஊரில் மிஸ் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மரியாதையும் ஆச்சு, கொஞ்சம் தள்ளி வைத்ததும் ஆச்சு. மதியம் டோபின் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாண்ட்விச்சைக் கடிப்பான். கோரா ஒரு கையில் போன், மறு கையில் சாப்பாடு. நல்ல பிள்ளைகள்தான், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் ஐந்து மணி அடித்தால் ஆளுக்கொரு திசை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பாள் ரோவீனா. அடுத்த நாள் காலை வரைக்கும் அவள் வாயிலிருந்து வரும் கடைசி வார்த்தை பல நாள் அதுவாகத்தான் இருந்தது.

இந்தக் கடையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சர்க்கஸ்காரர்கள், மல்யுத்தக்காரர்கள், ஊர் ஊராகப் போகும் பாட்டுக் கோஷ்டிகள் எல்லாரும் போஸ்டரை மொத்தமாக அடித்துக்கொள்வார்கள். படம், பெயர், பெருமை எல்லாம் இருக்கும். மேலே மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெறுமையாக விட்டுவிடுவார்கள். அதற்குக் கடையில் நெற்றி என்று பெயர். எந்த ஊரில், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முடிவான பிறகு அந்த ஊருக்கு வேண்டிய தாள்களை மட்டும் எடுத்து நெற்றி அடித்துக் கொடுப்பார்கள். நெற்றி அடிக்காத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது யாரையும் எங்கேயும் கூப்பிடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர்கள் கடைசி மாதத்தில் சொந்தமாக ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அது நிஜமாகவே நடக்கப் போகிற ஒன்றுக்காக இருக்க வேண்டும். அடித்ததைத் தெருவில் மாட்ட வேண்டும். ஒரு தாள் கடைச் சுவருக்கு.

"நடக்காததுக்கு அடிச்சா அது வெறும் படம். போஸ்டர் இல்ல" என்பாள் கோரா. இதில் மட்டும் அவள் யாருக்கும் இறங்கி வர மாட்டாள்.

சுவரில் பழையவர்களுடையது வரிசையாகத் தொங்கியது. ஒருத்தி தன் நாயின் பிறந்தநாளுக்கு அடித்திருந்தாள். ஒருவன் தாடி எடுக்கப் போகிறேன், பார்க்க வாருங்கள் என்று அடித்திருந்தான். டோபின் தன் இரண்டு பேர் கோஷ்டி சலவைக் கடையில் வாசிக்கப்போவதாக அடித்தான். அன்று துணி துவைக்க வந்தவர்களும் சேர்ந்து கூட்டம் பரவாயில்லை.

"உங்களுக்கு என்ன, மிஸ் ரோவீனா?" என்றான்.

அவளுக்கு என்ன இருக்கிறது? நடக்கப் போவது என்று அவள் வாழ்க்கையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னாள்.

"ஒரு சாப்பாடு போடலாம்னு இருக்கேன். என் வீட்டுல. யார் வேணாலும் வரலாம்."

"யார் வேணாலும்னா? தெரியாதவங்களா?" டோபின் கண்ணை விரித்தான்.

"தெரிஞ்சவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா கண்ணு."

கோரா நிமிர்ந்து பார்த்தாள். காலண்டரைக் காட்டி, "என்னைக்கு?" என்றாள். ரோவீனா நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியத்தைச் சொன்னாள்.

"அன்னைக்கு நானும் டோபினும் மெம்பிஸ்ல இருப்போமே. அச்சுக்காரங்க சந்தை."

"அட, மறந்தே போச்சு. பரவாயில்ல, நாள் குறிச்சாச்சு."

மறக்கவெல்லாம் இல்லை. தெரிந்தேதான் அந்த நாளைப் பிடித்தாள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பாவப்பட்டு வந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்று மூன்று தடவை சொல்வதை அவளால் தாங்க முடியாது. அந்த இரக்கத்துக்குத் தனியாகவே சாப்பிட்டுவிடலாம்.

போஸ்டர் வேலை தொடங்கிய பிறகு மட்டும் அவள் வேறு ஆள். ஒரு பெரிய பானையை மரப்பலகையில் செதுக்கினாள், கைப்பிடி கொஞ்சம் கோணல். முதல் ஓட்டத்தில் சிவப்பு மையில் பானை. அது காய்ந்த பிறகு கறுப்பில் எழுத்து: சாப்பாடு. எல்லாரும் வாங்க. பீன்ஸ், சோள ரொட்டி, கீரை, வாழைப்பழப் புட்டிங். காசு வேண்டாம். பசி இருந்தால் போதும். கடைசி வரி கோராவுக்கு மிகவும் பிடித்துப்போனது.

"இதை நானே எழுதினேன்னு சொல்லிக்கலாம் போல இருக்கு. நெற்றியையும் முடிச்சிடுங்க, மை காயணும்."

நெற்றியைத் தனிச் சட்டத்தில் கோத்து வைத்திருந்தாள். அவள் குடியிருக்கும் மேடிசன் பகுதி, லேரிமோர் தெரு, வீட்டு எண், சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. சுவருக்கான தாளை முதலில் வைத்து உருளையை ஒரு சுற்றுச் சுற்றினாள். தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

அவள் வீட்டு எண் உள்ளங்கை உயரத்துக்கு நின்றது.

அதுவரை அது வெறும் மரக்கட்டைகளின் வேலையாக இருந்தது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதைத் தெருவெல்லாம் மாட்டப் போகிறாள். படிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும், இந்த வீட்டில் ஒருத்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று. யாருமே வராவிட்டால் அதுவும் தெரியும். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். தனியாக இருப்பது ஒரு கஷ்டம் என்றால், தனியாக இருக்கிறேன் என்று உள்ளங்கை உயரத்தில் அறிவிப்பது வேறு கஷ்டம். முதலாவதை அவள் பழகிவிட்டாள். இரண்டாவதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை.

அடித்த ஒரு தாளைச் சுவரில் மாட்டினாள். நெற்றிச் சட்டத்தை ஓர் ஓரமாக நகர்த்தி வைத்தாள். மற்ற தாள்களை வெறும் நெற்றியோடு சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்று முன்பக்கத்திலிருந்து கோரா கேட்டாள்.

"முடிஞ்சுது."

அந்த வாரம் முழுக்க அவற்றை மாட்டினாள். சலவைக் கடை, நூலகப் பலகை, டோனட் கடைக் கண்ணாடி, பஸ் நிறுத்தக் கம்பம். மாட்ட வேண்டும் என்பது விதி, மாட்டியாயிற்று. யாரும் வர முடியாது, அதனால் யாரும் வரவில்லை என்று வருத்தப்படவும் வேண்டியதில்லை. எப்படி இருக்கிறது பாருங்கள் புத்தி. மனிதர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு பாடுபடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டெரல் கேட்டான், "அடுத்த சனிக்கிழமை விருந்துன்னியே, ஆளுங்க வருவாங்களாம்மா?"

"நிறையப் பேரு. நாற்காலி பத்தாதுன்னு நினைக்கிறேன்."

"எனக்கு இப்பதான்மா நிம்மதியா இருக்கு. நீ தனியா இருக்கியேன்னு கவலையா இருந்துச்சு."

அவன் நிம்மதியைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. சமைக்காமலேயே இருந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சாப்பாடு என்று மையில் அடித்தாயிற்று. விடிந்ததும் பன்றிக் கால் எலும்பைப் போட்டுப் பெரிய பானையில் வெள்ளை பீன்ஸை ஏற்றினாள். இரும்புச் சட்டியில் சோள ரொட்டி. கீரையைக் கழுவினாள், மண் போக மறுபடியும் கழுவினாள். புட்டிங்கை ஆற வைத்தாள். வீட்டில் இருந்த கிண்ணங்களை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினாள். பிறகு உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டாள். அதை ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒரு மணி ஆனது. நல்ல வெயில், பக்கத்து வீட்டில் யாரோ இலைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு பூனை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தபால்காரர் ஒரு விளம்பரத் தாளைப் போட்டுவிட்டு, "நல்ல வாசனை" என்றார். "உள்ள வாங்களேன்" என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவர் அடுத்த வீட்டுப் படியில் இருந்தார். அவள் தனக்கு ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தான் போட்ட திட்டம் தான் நினைத்தபடியே நடந்திருக்கிறது, அதற்கு எதற்கு அழுகை என்று தெரியாமலேயே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் வெட்கமாக இருந்தது. மெம்பிஸிலிருந்து திரும்பும் வழியில் கோரா வண்டியை நிறுத்திப் பார்த்தால்? போஸ்டர்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் சலவைக் கடை. போஸ்டர் அவள் மாட்டிய இடத்திலேயே இருந்தது. ஆனால் நெற்றி காலியாக இல்லை.

நீலப் பேனாவில் யாரோ எழுதியிருந்தார்கள்: எங்கே? அதற்குக் கீழே வேறு கையெழுத்து: எப்போ? அதற்கும் கீழே பென்சிலில்: தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் பசியில்தான் இருக்கிறேன்.

ரோவீனா படித்ததையே மறுபடி படித்தாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண், துண்டு மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கினாள்.

"இதை நீங்கதான் மாட்டினீங்களா?"

"ஆமா."

"நல்ல ஆளும்மா நீங்க. வர்றவங்க எல்லாம் என்னைப் பிடுங்கி எடுக்குறாங்க, எங்க சாப்பாடு, எங்க சாப்பாடுன்னு. நான் என்ன ஜோசியமா பார்க்குறேன். விலாசம் போடாம யாராச்சும் விருந்துக்குக் கூப்பிடுவாங்களா?"

"மன்னிச்சுக்கோ கண்ணு" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

நூலகப் பலகையில்: சர்ச்சில் வைத்தா? அதற்குப் பதில், அழகான சாய்ந்த எழுத்தில்: இல்லை, அங்கே போய்க் கேட்டுவிட்டேன். அதற்கும் கீழே: பள்ளிக்கூடத்திலும் இல்லை.

டோனட் கடையில் ஒரு குழந்தை பானைக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்திருந்தது. நெற்றியில் கூட்டல் குறி போட்டுப் போட்டு யார் யாரோ வருகிறோம் என்று தெரிவித்திருந்தார்கள். எங்கே வருகிறோம் என்று தெரியாமலேயே.

பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஒரே ஒரு கையெழுத்துதான், நடுங்கிய பெரிய எழுத்து. செவ்வாய்க்கிழமை என்றால் என்னால் முடியாது. மற்ற எந்த நாளும் வருவேன். ஏர்ல்.

அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ரோவீனா நின்றாள். ஒரு வாரமாக இத்தனை பேர் இந்தத் தாளின் முன்னால் நின்றிருக்கிறார்கள். பேனா தேடியிருக்கிறார்கள். சர்ச் வரைக்கும் நடந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். அவளோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எல்லாத் தாள்களையும் கிழியாமல் கழற்றினாள்.

திங்கட்கிழமை காலை, கோரா காபியை வைப்பதற்குள் அவற்றைக் கல் மேசையில் விரித்தாள். டோபின் குனிந்து படித்துவிட்டு, "ஐயோ" என்றான், மெதுவாக. கோரா ஒவ்வொன்றாகப் படித்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நெற்றி அடிக்கல நீங்க."

"அடிக்கல. பயமா இருந்துச்சு. உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்." கோரா அலமாரிக்குப் போய் நெற்றிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பிரிக்காமல் அப்படியே இருந்தது. "ஒரே ஒரு தாள் அடிச்ச எழுத்துல எவ்வளவு மை ஏறியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே பார்த்துட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுப் போயிருப்பீங்க. எனக்கும் பயம்தான்." அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். "உங்க அளவுக்கு ஒழுங்கா எழுத்தைத் திருப்பி வைக்கிற ஆள் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல. சரி, பேசினது போதும். இந்த நெற்றி இன்னும் வேலை செய்யும். தேதியை மட்டும் மாத்துங்க. இந்தச் சனிக்கிழமை நாங்க எங்கயும் போகல."

"வேற தாள் இருக்கா?"

"வேற தாள் எதுக்கு? கேட்டவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? இதுலயே அடிங்க."

ரோவீனா முடுக்கைத் தளர்த்தினாள். பழைய தேதியை எடுத்தாள், புதியதைக் கோத்தாள், மறுபடி முடுக்கினாள். தூக்கிப் பார்த்தாள், ஓர் எழுத்தும் அசையவில்லை. மை போட்டாள். சலவைக் கடைத் தாளை வைத்து உருளையை ஒரு சுற்றுச் சுற்றினாள். தாளைத் தூக்கினால், அவளுடைய தெருவும் வீட்டு எண்ணும் கறுப்பாக, கொழுத்து நின்றன. எழுத்துகளுக்கு இடையே நீலத்தில் அந்த 'எங்கே?' இன்னும் தெரிந்தது. மற்றவற்றையும் அடித்தாள்.

சாயங்காலம் மை காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போய், எந்தத் தாள் எங்கே இருந்ததோ அங்கேயே திருப்பி மாட்டினாள். கடைசியாகப் பஸ் நிறுத்தம். பெஞ்சில் வேட்டைக்காரத் தொப்பி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஒன்று வந்து நின்றது, போனது. அவர் ஏறவில்லை. அவள் தாளை வைத்து ஸ்டேப்ளரை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கிட்டே வந்து, கண்ணாடியைத் தூக்கிப் படித்தார்.

"இடம் போட்டாச்சு போல."

"ஆமாங்க. தாமதமாயிடுச்சு."

"நான் நினைச்சேன், யாரோ விளையாட்டுக்கு மாட்டியிருக்காங்கன்னு. அப்புறமும் எழுதி வச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

ரோவீனா திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் ஏர்லா?"

அவர் தொப்பியைத் தொட்டார். "சனிக்கிழமை எனக்குச் சௌகரியம்தான்."

"நல்லதாப் போச்சு. செவ்வாய்க்கிழமை முடியாதுன்னு எழுதியிருந்தீங்களே, அது என் ஞாபகத்துலயே இருக்கு. செவ்வாயில என்ன, டாக்டர்கிட்டப் போகணுமா?"

கிழவர் தாளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமையும் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "எல்லா நாளும் சும்மாதான் இருக்கேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு."

ரோவீனா ஸ்டேப்ளரைப் பைக்குள் போட்டாள். அவளும் அவரும் அந்தக் கம்பத்தின் இரண்டு பக்கமும் நின்று போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை வச்ச பீன்ஸ் இன்னும் அரைப் பானை இருக்குங்க" என்றாள் கடைசியில். "எனக்குக் கொஞ்சமா சமைக்கத் தெரியாது. நாளைக்கு மதியம் வர்றீங்களா?"

"நாளைக்குச் செவ்வாயாச்சே" என்றார் ஏர்ல்.

"அதனாலதான் கேக்குறேன்."

அவர் நெற்றியில் இருந்த வீட்டு எண்ணை விரலால் தொட்டார். மை நன்றாகக் காய்ந்திருந்தது. வாய்க்குள்ளேயே ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.